சாப்பிடுவதற்காகவே ஐரோப்பா போகிறீர்களா? பொலோன்யாவில் தொடங்குங்கள்

பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பேருந்துச் சுற்றுலா போய்வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக நெடுஞ்சாலையோரம் எங்கோ ஒரு இந்திய ரெஸ்டாரன்டில் சாப்பிட்ட பனீர் பட்டர் மசாலாவைப் பற்றித்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை, ஊர் பார்க்கப் போனவர்கள் ஊர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் சாப்பாடுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் திட்டத்தையே வேறு மாதிரி போட வேண்டும்: ஒரே ஊரில் நான்கைந்து ராத்திரி தங்குவது, அங்கிருந்து ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இரண்டு பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொள்வது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஊர் சேர்த்தால், சாப்பிடும் நேரமெல்லாம் பெட்டியை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பீர்கள்.

முதல் பயணத்துக்கு எந்த ஊர் என்று கேட்டால் நான் பாரிஸையோ ரோமையோ சொல்ல மாட்டேன், வட இத்தாலியில் இருக்கும் பொலோன்யாவைச் சொல்வேன். காரணம் எளிது. கி.மு. 187இல் ரோமானியர் போட்ட வியா எமிலியா என்ற நேர்ச்சாலை இன்றும் இருக்கிறது, அதன் பெயரில்தான் எமிலியா-ரொமாஞ்ஞா மாநிலமே இருக்கிறது, அந்தச் சாலையில் முத்துக் கோத்த மாதிரி வரிசையாக பொலோன்யா, மொதெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா. மொர்ததெல்லா என்ற பன்றி இறைச்சிப் பண்டமும் முட்டை பாஸ்தாவும் முதல் ஊரில், பால்சமிக் வினிகர் இரண்டாவதில், பார்மிஜானோ சீஸ் மூன்றாவதிலும் அதைச் சுற்றியும், பார்மா ஹாம் நான்காவதில். எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள். இத்தாலியர்களே இந்த ஊரை 'லா கிராஸ்ஸா', அதாவது கொழுத்தவள் என்று கூப்பிடுகிறார்கள். 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இங்கே இருப்பதால் ஊர் முழுக்க மாணவர்கள், அதனால் குறைந்த விலையில் நல்ல சாப்பாடும் கிடைக்கும். பக்கத்து ஃப்ளோரன்ஸில் நெரிகிற கூட்டத்தில் பாதிகூட இங்கே இல்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது இறைச்சி ஊர், அதிலும் பன்றி இறைச்சி ஊர். சைவம் சாப்பிடுகிறவர்கள், மாடும் பன்றியும் தொடாதவர்கள் போகவே கூடாது என்று இல்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டி ஆர்டர் செய்ய முடியாது. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நல்ல நேரம். ஜூலை, ஆகஸ்டில் நம் ஊர் மாதிரியே வெயில் கொளுத்தும். அது போதாதென்று ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை நாள், அதை ஒட்டிக் குடும்பமாக நடத்தும் உணவகங்கள் பலவற்றைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். குளிர்காலம் குளிரும்தான், ஆனால் சூப்பில் போட்ட பாஸ்தாவுக்கு அதுதான் சரியான காலம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்.

தேதி குறிப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். பொலோன்யா வணிகக் கண்காட்சிகளுக்குப் பேர்போன ஊர். மார்ச்சில் அழகுசாதனப் பொருட்களுக்கான காஸ்மோப்ரோஃப், வசந்த காலத்தில் குழந்தைகள் புத்தகக் கண்காட்சி, செப்டம்பரில் டைல்ஸ் தொழிலுக்கான செர்சாயே. அந்த வாரங்களில் ஹோட்டல் வாடகை தாறுமாறாக ஏறும், அறையே கிடைக்காமலும் போகும். கண்காட்சி நாட்காட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு டிக்கெட் போட்டால் அந்தச் செலவு மிச்சம்.

விசா வழக்கமான ஷெங்கன் விசாதான். அதிக நாள் இருக்கப்போகும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே இத்தாலி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கோடையில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே இறங்கிவிடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, துபாய் வழியாக பொலோன்யாவிலேயே இறங்கலாம். மிலான் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் அதையும் எடுக்கலாம், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். பொலோன்யா விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற மோனோரயில் ஓடுகிறது, ஏழெட்டு நிமிடம்தான்.

தங்குவது பழைய ஊருக்குள், பியாத்ஸா மாஜ்ஜோரே சதுக்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். சம்போனி தெருப் பக்கம் மாணவர்கள் நடமாட்டம், ராத்திரி சத்தம் இருக்கும். மழைக்குப் பயப்பட வேண்டாம், நடைபாதைகள் மேலே கூரை வளைவுகளோடு இருக்கின்றன, மொத்தம் 62 கிலோமீட்டர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வாடகைக் கார் எடுக்காதீர்கள். பழைய ஊருக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்து சேரும்.

முதல் நாள்: கடைத்தெரு

இறங்கிய களைப்பில் முதல் நாளே பெரிய உணவகம் வேண்டாம். காலை பத்து மணிவாக்கில் பியாத்ஸா மாஜ்ஜோரேயின் கிழக்குப் பக்கத்துச் சந்துகளுக்குள் போய்விடுங்கள். க்வாத்ரிலாத்தெரோ என்று பெயர், இடைக்காலத்திலிருந்தே சந்தைப் பகுதி. பெஸ்கெரியே வெக்கியே, த்ராப்பெரியே என்று இரண்டு மூன்று தெருக்கள்தான், ஆனால் மீன், காய், சீஸ், தொங்குகிற ஹாம் தொடைகள், கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் மஞ்சளாகப் பாஸ்தா என்று நின்று நின்று பார்த்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

இங்கே வாங்குவதற்கு ஒரு சின்ன விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஹாம், சீஸ் வகைகளை 'எத்தோ' கணக்கில் கேட்பார்கள், ஒரு எத்தோ என்றால் 100 கிராம். விலைப் பலகையிலும் சில நேரம் எத்தோ விலைதான் எழுதியிருக்கும், கிலோ விலை என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள். 'உன் எத்தோ', அதாவது ஒரு எத்தோ என்று சொன்னால் ஒருவருக்குத் தாராளம். இறைச்சி சாப்பிடுகிறவர் என்றால் மொர்ததெல்லாவை இங்கேதான் முதலில் சாப்பிட வேண்டும். நைசாக அரைத்த பன்றி இறைச்சிக்குள் கொழுப்புத் துண்டுகளைப் பதித்து மெதுவாக வேகவைத்தது, கடைக்காரர் இயந்திரத்தில் சீவும்போது தாள் போல மெல்லியதாகக் கீழே மடிந்து மடிந்து விழும். குளிர்பெட்டியில் வைத்துத் தடிமனாக வெட்டி விற்பதைச் சாப்பிட்டு 'இதுவா அது' என்று முடிவு செய்யாதீர்கள்.

வாங்கியதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? அதற்குத்தான் ஓஸ்தெரியா தெல் சோலே. அதே சந்துகளுக்குள், வாசலில் பெயர்ப்பலகைகூடச் சரியாகக் கண்ணில் படாத இடம், 1465இலிருந்து இருக்கிறது. குடிக்க மட்டும்தான் விற்பார்கள், சமையலே கிடையாது. நீங்கள் வெளியிலிருந்து பொட்டலத்தைக் கொண்டுபோய் நீண்ட மர மேசையில் பிரித்து வைத்துச் சாப்பிடலாம், பக்கத்தில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். ஏதாவது குடிக்க வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மலைச்சரிவுகளில் விளையும் பிஞ்ஞொலெத்தோ என்ற வெள்ளை வைன் உள்ளூர்ச் சரக்கு.

வரும் வழியில் பாஸ்தா கடை ஜன்னல் ஏதாவது ஒன்றில் நின்று பாருங்கள். மாவைத் தேய்க்கிற பெண்களை ஸ்ஃபோல்யினா என்பார்கள். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் சேர்ப்பதில்லை. கை நீளத்துக்கும் அதிகமான உருட்டுக்கட்டையால் மேசையளவுக்குத் தேய்த்துச் சின்னச் சதுரங்களாக வெட்டி, நடுவில் நிலக்கடலைப் பருப்பளவு பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, சுண்டு விரலைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி முனைகளை அழுத்துகிறார்கள். தொர்தெல்லினி என்ற இந்தக் குட்டிப் பாஸ்தா ஒன்று முடிய இரண்டு மூன்று நொடி. பேசிக்கொண்டே செய்கிறார்கள், கையைப் பார்ப்பதுகூட இல்லை. இதைக் கற்றுத்தரும் அரை நாள் வகுப்புகள் ஊரில் நிறைய இருக்கின்றன, ஆள் குறைவாக, ஏழெட்டுப் பேருக்கு மேல் சேர்க்காத வகுப்பாகப் பார்த்து எடுங்கள். இருபது பேரை வைத்து நடத்தும் வகுப்பில் மாவு உங்கள் கைக்கு வரும் முன் நேரம் முடிந்துவிடும்.

உணவகத்தில் உட்கார்ந்த பிறகு

மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, ராத்திரி ஏழரைக்கு மேல். நடுவில் சமையலறை பூட்டு. நான்கு மணிக்குப் பசிக்கிறது என்றால் கடைத்தெருப் பொட்டலம்தான் கதி. நல்ல இடங்களில் ஒருநாள் முன்பாவது சொல்லி வையுங்கள், வெள்ளி, சனி என்றால் ஒரு வாரம் முன்பு. ஞாயிறு ராத்திரியும் திங்களும் பல இடங்கள் விடுமுறை.

மெனுவில் ஐந்து பகுதி இருக்கும்: அந்திபாஸ்தி (தொடக்கத்துக்குக் கொறிக்க), ப்ரீமி (பாஸ்தா, சூப்), செகோந்தி (இறைச்சி, மீன்), கொந்தோர்னி (தொட்டுக்கொள்ளக் காய்), தோல்சி (இனிப்பு). ஒவ்வொன்றிலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்த ஊரில் உயிர் இருப்பது ப்ரீமியில், அதாவது பாஸ்தாவில், ஆகவே ஆளுக்கு ஒரு ப்ரீமோ, நடுவில் ஒரு கொந்தோர்னோ என்று முடித்துக்கொண்டாலே வயிறு நிறையும், பணமும் மிஞ்சும். ஒரு தட்டுப் பாஸ்தா சாதாரண இடத்தில் சுமார் 12 முதல் 16 யூரோ.

'ஸ்பகெத்தி பொலோனீஸ்' தேடாதீர்கள், சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் கடைகளைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. இங்கே இறைச்சிக் குழம்பு, அதாவது ரகூ, தாலியாத்தெல்லே என்ற அகலமான முட்டைப் பாஸ்தாவோடுதான் வரும். இந்த விஷயத்தில் ஊர்க்காரர்கள் எவ்வளவு தீவிரம் என்றால், 1972இல் தாலியாத்தெல்லேயின் அகலத்தை உள்ளூர் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்துவிட்டார்கள்: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். ஊர் நடுவில் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று கணக்கும் சொல்கிறார்கள். ரகூவின் செய்முறையை 1982இல் பதிவு செய்து 2023இல் புதுப்பித்தார்கள். மாட்டிறைச்சி, பஞ்செத்தா என்ற உப்பிட்ட பன்றி வயிற்று இறைச்சி, வெங்காயம், காரட், செலரி, வைன், கொஞ்சம் தக்காளி. பூண்டு கிடையாது. தக்காளியில் மிதக்கிற சிவப்புக் குழம்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், பழுப்பாக, நீர் வற்றி, பாஸ்தாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். மெதுவாகச் சாப்பிட்டால்தான் பிடிபடும். முதல் வாய்க்கு 'உப்பு உறைப்பு ஒன்றையும் காணோமே' என்றுதான் நம் நாக்கு சொல்லும். மிளகாய்ப் பொடி எடுத்துப் போவது உங்கள் விருப்பம், சமையல்காரர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொர்தெல்லினி இன் ப்ரோதோ, அதாவது தெளிந்த இறைச்சிச் சாற்றில் மிதக்கும் குட்டிப் பாஸ்தா, எனக்குக் கேட்டால் ரகூவைவிட ஒரு படி மேல். பசலைக்கீரை கலந்த பச்சை லசாஞ்ஞாவும் இந்த ஊர்ப் பண்டம்தான்.

பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும், அது மேசைக்கும் ரொட்டிக்கும் வாங்குவது, ஏமாற்று இல்லை. தண்ணீரும் பாட்டிலாகத்தான் வரும், அதற்கும் காசு. டிப்ஸ் கட்டாயமில்லை. நீங்கள் கேட்காமல் பில் வரவே வராது, எழுந்து போகச் சொல்வதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். 'இல் கொந்தோ' என்று கேட்டு வாங்குங்கள். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை, சதுக்கத்தைப் பார்த்த மேசை என்றால் கேட்கவே வேண்டாம்.

மொதெனா: ஒரு நாள்

உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள். காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்ட வேண்டிவரும். காலையிலேயே போனால் 1931இலிருந்து நடக்கும் அல்பினெல்லி சந்தையைச் சுறுசுறுப்பாகப் பார்க்கலாம்.

மொதெனாவுக்குப் போவது வினிகருக்காக. சூப்பர் மார்க்கெட்டில் சில யூரோவுக்குக் கிடைக்கும் பால்சமிக்கில் வைன் வினிகர் கலந்திருக்கும், 60 நாள் வைத்திருந்தால் போதும் என்பது அதற்கான விதி. 'த்ராதித்ஸியோனாலே' என்று போட்டது வேறு சாதி. திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று வெவ்வேறு மரத்தில் செய்த, ஒன்றைவிட ஒன்று சின்னதான பீப்பாய் வரிசையில் ஊற்றி வீட்டுப் பரணில் வைத்துவிடுகிறார்கள். கோடையின் புழுக்கமும் குளிர்காலத்தின் குளிரும் மாறி மாறிப் படவேண்டும் என்பதற்காகத்தான் பரண். வருடத்துக்கு ஒருமுறை கடைசிச் சின்னப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்ததை முந்தின பீப்பாயிலிருந்து நிரப்புகிறார்கள். குறைந்தது 12 வருடம், 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்றால் 25 வருடம். எல்லாத் தயாரிப்பாளரும் கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோ உருவாக்கிய ஒரே மாதிரியான 100 மில்லி பாட்டிலில்தான் விற்க வேண்டும், ஆகவே போலி வாங்க வாய்ப்புக் குறைவு. விலை நாற்பது ஐம்பது யூரோவில் தொடங்கும். இதை வைத்துச் சமைக்கக் கூடாது, சீஸ் மேலும் ஸ்ட்ராபெர்ரி மேலும் சொட்டுச் சொட்டாக விட்டுச் சாப்பிடுவது. அசெத்தாயா என்று சொல்லும் இந்தப் பரண்களை முன்பதிவு செய்து பார்க்கலாம், நகராட்சிக் கட்டிடத்தின் மேலேயே ஒன்று இருக்கிறது.

2016இலும் 2018இலும் உலகின் சிறந்த உணவகம் என்ற பட்டியலில் முதலிடம் பெற்ற மாஸ்ஸிமோ பொத்துராவின் ஓஸ்தெரியா ஃப்ரான்செஸ்கானாவும் இந்த ஊரில்தான். முதல் பயணத்துக்கு வேண்டாம் என்பேன். மாதக்கணக்கில் முன்பதிவுக்குக் காத்திருந்து, பயணத் தேதியை அதற்காக வளைத்து, பட்ஜெட்டில் பாதியை அங்கேயே வைப்பதைவிட, அந்தப் பணத்தில் நான்கு நாளும் நன்றாகச் சாப்பிடலாம்.

சீஸ், அப்புறம் பார்மா

பயணத்தில் ஒரே ஒரு காலை மட்டும் அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும் என்றால் அது சீஸ் பட்டறைக்காக. பார்மிஜானோ ரெஜானோ தினமும் காலையில்தான் செய்வார்கள், எட்டு, எட்டரைக்குள் அங்கே இருக்க வேண்டும், பத்து பத்தரைக்குப் போனால் கழுவிக்கொண்டிருப்பதைத்தான் பார்ப்பீர்கள். பட்டறைகள் கிராமங்களில் இருக்கின்றன, பேருந்து அவ்வளவாகக் கிடையாது, ஆகவே வண்டியோடு கூட்டிப்போகும் சுற்றுலாவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மாலைப் பாலின் ஆடையை நீக்கிக் காலைப் பாலோடு கலந்து, ஆளுயரச் செப்புக் கொப்பரைகளில் ஊற்றியிருப்பார்கள். உறைந்ததும் பெரிய கம்பி மத்தால் உடைத்து அரிசியளவு குருணையாக்கிச் சூடேற்றுகிறார்கள். அது அடியில் போய்ப் படிந்து ஒரே கட்டியானதும், இரண்டு பேர் துணியைக் கீழே விட்டுத் தூக்கி, தொங்கவிட்டு, கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள். ஒரு கொப்பரைக்கு இரண்டு சக்கரம். ஒரு சக்கரம் ஏறத்தாழ 40 கிலோ, அதற்கு 550 லிட்டர் பால் போகிறது. மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உப்புத் தண்ணீரில் கிடந்துவிட்டு அலமாரிக்குப் போகும், குறைந்தது 12 மாதம். அதன்பிறகு சீஸ் தயாரிப்பாளர் கூட்டமைப்பின் ஆய்வாளர் சின்னச் சுத்தியலோடு வந்து, சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் தட்டிக் காதால் கேட்டுப் பார்க்கிறார். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மாறிவிடுமாம். தேறியதற்குத்தான் சூட்டு முத்திரை. கடைசியில் 12, 24, 36 மாதச் சீஸ்களை வரிசையாக வைத்துத் தருவார்கள், அந்த வரிசையிலேயே சாப்பிடுங்கள்.

அங்கிருந்து மதியத்துக்குப் பார்மா போய்விடலாம், இல்லையென்றால் தனி நாளாக வைத்துக்கொள்ளலாம், பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பன்றித் தொடையும் உப்பும் தவிர வேறெதுவும் சேர்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் காற்றில் உலர்த்திய பார்மா ஹாமைச் சூடான தோர்தா ஃப்ரீத்தாவோடு, அதாவது நம் பூரி மாதிரி உப்பிய பொரித்த ரொட்டியோடு சாப்பிடுவது வழக்கம்.

சைவம், பன்றி, மாடு

சைவர்களுக்குப் பாதுகாப்பான தட்டு தொர்தெல்லோனி. தொர்தெல்லினியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது இறைச்சி. தொர்தெல்லோனி பெரியது, உள்ளே ரிக்கோத்தா சீஸ், மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். பார்மாவில் கீரை வைத்த தொர்தெல்லி தெர்பெத்தா. ஆனால் இரண்டிலும் முட்டை உண்டு, சீஸும் உண்டு. பார்மிஜானோவைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள், இதற்கு மாற்று வகை கிடையாது. கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் பார்மிஜானோ விழாத தட்டு குறைவு.

கண்ணுக்குத் தெரியாத இடம் இரண்டு. ஒன்று ப்ரோதோ, சூப் என்றாலே இறைச்சிச் சாறு. இன்னொன்று ஸ்த்ரூத்தோ, பன்றிக் கொழுப்பு: மேலே சொன்ன பொரித்த ரொட்டி, தீஜெல்லே, பியாதீனா போன்ற பார்க்கச் சாதுவான ரொட்டிகளில்கூட இருக்கும். 'சென்ஸா கார்னே, சென்ஸா ப்ரோதோ, சென்ஸா ஸ்த்ரூத்தோ', அதாவது இறைச்சி இல்லாமல், இறைச்சிச் சாறு இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கார்னே வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹாம் தூவிக் கொண்டுவந்து வைக்கிற இடங்களும் உண்டு, அவர்கள் கணக்கில் ஹாம் வேறு ரகம். மாடு மட்டும், பன்றி மட்டும் தவிர்ப்பவர்களுக்கு ரகூ சரிப்படாது, இரண்டும் கலந்திருக்கும். மீன், காளான், காய்களோடு பாஸ்தா பெரும்பாலான இடங்களில் இருக்கும்.

திரும்பும்போது

ஹாம், மொர்ததெல்லாவைப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவில் இறங்கும்போது இறைச்சி, பால் பொருட்களைச் சுங்க அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும், எடுத்துப் போட்டுவிட்டால் வாக்குவாதம் செய்து பயனில்லை. லண்டன் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்து இறைச்சி, சீஸ் கொண்டுபோகத் தடை வந்தது, கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பாருங்கள். தொந்தரவில்லாமல் கொண்டுவரக்கூடியவை உலர்ந்த போர்ச்சீனி காளானும் வினிகரும். வினிகர் பாட்டிலைக் கைப்பையில் வைத்துப் பாதுகாப்புச் சோதனையில் சிக்கலை வரவழைக்க வேண்டாம், பழைய துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்துவிடுங்கள்.